நடைவண்டி: ஆத்தங்குடித் தளத்தில் முதல் காலடி (கேள்வி-பதில்)

பேரனுக்கு 8 மாதம், நன்றாகத் தவழ்கிறான். ஆயா (அம்மாவைப் பெற்றவர்) வீட்டிலிருந்து நடைவண்டி வந்துவிட்டது. இப்போதே பிடிக்க விடலாமா? (தேவகோட்டை)

இன்னும் கொஞ்சம் பொறுங்கள். கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தானாக எழுந்து நின்று, சுவரைப் பிடித்தபடி பக்கவாட்டில் நாலு எட்டு வைக்கிறானா என்று பாருங்கள். அதுதான் வண்டிக்கு நேரம் வந்ததன் அடையாளம். பெரும்பாலும் 9 முதல் 12 மாதத்துக்குள் இது வரும். நாம் தூக்கி நிறுத்திக் கையை வண்டியில் வைத்துவிட்டால், கால் தாங்காமல் உடம்பு முழுவதையும் கைப்பிடியில் தொங்கப் போடுவான். நடைவண்டி நடக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. நடக்கத் தயாரான பிள்ளைக்குப் பிடிமானம் தருகிறது, அவ்வளவுதான். அதுவரை தவழட்டும். தவழ்வதில் தோளும் இடுப்பும் உரம் பெறுகின்றன.

வளவு (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதி) முழுக்க ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமென்ட் ஓடு. வண்டி சறுக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறது, பிள்ளை குப்புற விழுகிறாள். என்ன செய்வது? (கானாடுகாத்தான்)

செட்டிநாட்டு வீடுகளில் நடைவண்டியால் வரும் விழுகைக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் வார்த்து எடுப்பதால் அதன் முகமே கண்ணாடி வழவழப்பு. நடந்து நடந்து, துடைத்துத் துடைத்து மேலும் மெருகேறியிருக்கும். மரச்சக்கரத்துக்கு அதில் பிடிப்பே கிடையாது. பிள்ளை கைப்பிடியில் சாய்ந்ததும் வண்டி ஓடும், கால் பின்தங்கும், உடம்பு நீண்டு முகம் தரையில் படும்.

முதலில் சக்கரத்துக்கு ரப்பர் போடுங்கள். பழைய சைக்கிள் டியூபைச் சக்கரத்தின் அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். 3 அங்குலச் சக்கரமென்றால் சுற்றளவு ஏறக்குறைய ஒன்பதரை அங்குலம் வரும். துண்டை அதைவிடக் கால் அங்குலம் குறைத்து வெட்டி, இழுத்து ஒட்டினால்தான் இறுகி நிற்கும். சக்கரத்தின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை மரத்திலும் ரப்பரிலும் தடவி, கை ஒட்டாத பதத்துக்குக் காய்ந்தபின் அழுத்துங்கள். ஆணி அடிக்க வேண்டாம். ரப்பர் தேய்ந்ததும் ஆணித்தலை வெளியே வந்து கல்லையும் கீறும், காலையும் கிழிக்கும்.

அப்படியும் வேகம் அடங்காவிட்டால் சக்கரத்துக்கும் கடையாணிக்கும் இடையில் தோல் வளையம் ஒன்று செருகுங்கள். பழைய செருப்புத் தோலே போதும். சக்கரம் சுற்ற வேண்டும், ஆனால் விரலால் தட்டினால் ஒரு சுற்றோடு நிற்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளையின் கால். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய அன்று உள்ளங்காலில் ஒட்டியிருக்கும் பிசுக்கைப் பயத்தமாவு போட்டு எடுத்துவிடுங்கள். சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால்தான் வேண்டும். விரல்கள் தரையைக் கவ்விப் பிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். தேங்காயெண்ணெய் தொட்டுத் தளம் துடைத்தால், அன்றும் மறுநாளும் வண்டியை எடுக்காதீர்கள்.

பிள்ளை பிடித்து எழுந்திருக்கும்போது வண்டி அவன்மேலேயே சாய்கிறது. (காரைக்குடி)

பின் சக்கர அச்சுக்கு நேர்மேலே, அல்லது அதையும் தாண்டிப் பிள்ளை பக்கம் கைப்பிடி வந்தால் இப்படித்தான் மல்லாக்கும். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், அடிச்சட்டத்தில் ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் இறுகக் கட்டுங்கள். பை தொங்கி ஆடக் கூடாது. பிறகு உங்கள் கையால் கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள், முன்சக்கரம் எழும்பாமல் இருக்க வேண்டும்.

கைப்பிடி உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கும் பிள்ளையின் தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவே இருக்க வேண்டும். ஒரு வயதில் அது சுமார் 17 முதல் 19 அங்குலம். உயரம் மிகுந்தால் நுனிக்காலில் நிற்பான், குறைந்தால் கூன் போட்டு ஓடுவான்.

பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்கு நடைவண்டி கிடைத்தது. வர்ணமெல்லாம் அப்படியே இருக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்கலாமா? (காரைக்குடி)

வேண்டாம். பல் முளைக்கிற வயதில் முதலில் கடிபடுவது கைப்பிடிதான். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) உச்சவரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் உப்புத்தாள் போட்டுச் சுரண்டினால் அந்தத் தூள் தரையில் படிந்து தவழும் கைவழியே வாய்க்குப் போகும். அது கண்ணாடி அலமாரியில் இருக்கட்டும். பிள்ளைக்கு வர்ணம் பூசாத மரத்திலோ, அரக்கு ஏற்றிக் கடைந்த மரத்திலோ புதிது வாங்குங்கள். வாங்கும்போது சிராய், புடைத்த ஆணி இருக்கிறதா, வாய்க்குள் போகும் அளவுக் கடையாணி கழன்று வருகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

உட்கார வைத்து உருட்டும் வாக்கர் இதைவிடப் பாதுகாப்பு என்கிறார்களே? (பள்ளத்தூர்)

இல்லை. அதில் உடம்பின் பாரத்தைத் துணி இருக்கை தாங்குகிறது, பிள்ளை நுனிவிரலால் உந்துகிறது. நிலைகொள்ளப் பழகுவதே இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் பள்ளமான முற்றத்தின் விளிம்புக்குப் போய்விடும். கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

நடைவண்டிக்கும் முற்றம் எமன்தான். நாலு பக்கத் தாழ்வாரத்தில் ஓட்டவே வேண்டாம். பட்டாலை என்னும் கூடத்திலோ, வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டின் அறையிலோ, நிலைப்படிக்குக் குறுக்கே பெஞ்சைப் போட்டுவிட்டு விடுங்கள். நடைவண்டி தானாகத் திரும்பாது, சுவரில் முட்டியதும் பிள்ளை அழும். வண்டியைத் திருப்பி வைக்க ஒரு கை தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

15 மாதம் ஆகிறது. வண்டியோடு நடக்கிறாள், விட்டால் உட்கார்ந்துவிடுகிறாள். பயப்பட வேண்டுமா? (புதுவயல்)

வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிடிக்காமல் நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். குறைமாதப் பிள்ளை என்றால் பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். இப்போது வண்டி நேரத்தைக் குறைத்து, அப்பத்தா ஒரு பக்கம், ஆத்தா ஒரு பக்கம் இரண்டடி இடைவெளியில் உட்கார்ந்து கூப்பிடுங்கள். தாண்டி வந்ததும் அரையடி பின்னால் நகருங்கள். 18 மாதமாகியும் தனியாக நடக்காவிட்டாலோ, எந்த வயதிலும் ஒரு கால் இழுத்தாலோ, நடந்த பிள்ளை நடையை மறந்தாலோ, அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அவள் நடப்பதை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் செல்போனில் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் அறையில் பிள்ளைகள் நடந்து காட்ட மாட்டார்கள்.