சீலன் யாரிடம் பொய் சொல்கிறான்?

அன்புள்ள அண்ணன்,

உங்கள் தொடர்கதையைப் பத்து வயது மகனுக்கு ஒவ்வொரு கிழமையும் வாசித்துக் காட்டுகிறேன். சீலன் எல்லா அத்தியாயத்திலும் பொய் சொல்கிறான்: சோதனைச் சாவடியான சென்றியில், பள்ளிக்கூடத்தில், தோணிக்காரரிடம். ஒருமுறைகூடப் பிடிபடவில்லை, வருந்தவும் இல்லை. இப்போது என் மகனும் அவனைப் போலப் பொய் சொல்லத் தொடங்கிவிட்டான். சிறுவர் கதையின் நாயகன் இப்படி இருக்கலாமா? ‘புரைதீர்ந்த நன்மை’ என்ற வள்ளுவர் வாக்குத்தான் உங்கள் சமாதானமா? பேச்சு வழக்கையும் கொஞ்சம் குறைக்கலாமே.

ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கச்சி,

பேச்சு வழக்கைக் குறைக்க மாட்டேன், அதில் பேச்சுக்கே இடமில்லை. வள்ளுவரையும் விடுங்கள். குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யும் மெய்தான் என்கிற அந்த 292ஆம் குறளை, பொய் சொல்லிவிட்டு வருகிற பெரியவர்கள்தான் தேடுவார்கள். சீலன் அதைப் படித்திருக்க மாட்டான்.

சில கிழமைகளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலை மறுபடி வாசித்ததால் வந்த யோசனை. மார்க் ட்வெய்னின் அந்தப் பையன் ஹக்கும் வாயைத் திறந்தால் பொய்தான். 1885இல் அமெரிக்காவில் வெளிவந்த கையோடு கொன்கோர்ட் ஊர் நூலகம் புத்தகத்தை வெளியே தள்ளிவிட்டது. உங்கள் கவலைக்கு அவ்வளவு வயது.

அதில் ஓர் இடம். தப்பி வந்த அடிமை ஜிம் தெப்பத்தில் இருக்கிறான். அவனைக் காட்டிக்கொடுப்பதுதான் நேர்மை என்று நம்பியே ஹக் சிறு வள்ளத்தில் கிளம்புகிறான். எதிரே துவக்கோடு இரண்டு பேர், அடிமைகளைத் தேடி வருகிறார்கள். தெப்பத்தில் யார் என்று கேட்கிறார்கள். வெள்ளைக்காரர்தான், என் அப்பாதான், அவருக்குச் சுகமில்லை, கரைக்கு இழுக்க உதவுங்கள், கேட்டவர்கள் எல்லாரும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று கெஞ்சுகிறான். நோயின் பெயரை அவன் சொல்லவே இல்லை. பெரியம்மை என்று அவர்களே முடிவுகட்டி, கிட்ட வராமல், ஆளுக்கு இருபது டொலர் பொற்காசைப் பலகையில் வைத்து மிதக்கவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பிள்ளையின் பொய் நிற்பது இப்படித்தான். பாதியைப் பிள்ளை சொல்லும். மீதியைக் கேட்கிறவரே தன் பயத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்வார். துவக்கு வைத்திருக்கிற ஆள் எதை நம்பக் காத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு கூர்மை வேண்டும்! வகுப்பில் முன் வாங்கில் இருக்கிற பிள்ளைகளிடம் அந்தக் கூர்மை இருக்கிறதா என்று பாருங்கள்.

தொண்ணூறுகளில் மட்டக்களப்புப் பட்டணத்திலிருந்து வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்கு வலையிறவுப் பாலத்தால் போவோம். இங்காலே ஆமி, அங்காலே புலிகள் இயக்கம். பற்றரி கொண்டுபோகத் தடை. வானொலியில் பிபிசி தமிழோசை கேட்கப் பற்றரி வேண்டுமே. பெத்தம்மா பிட்டுப் பார்சலுக்குள் பற்றரியை வைத்து என் கையில் தந்துவிட்டா. சென்றியில் எனக்குப் பயத்தில் உடம்பெல்லாம் நடுக்கம். ஆமிக்காரன் ஒருவன் என்னைப் பார்த்து, “மலேரியா?” என்றான். ஓம் என்று தலையாட்டினேன். பார்சலை அவன் தொடவில்லை. பிள்ளையைக் கெதியாய் வீட்டுக்குக் கொண்டுபோ என்று பெத்தம்மாவுக்குக் கையால் காட்டினான். அவனுக்கும் அந்தக் காய்ச்சல் வந்திருக்கும். அவனும் யாரோ பெற்ற பிள்ளைதானே.

ஹக்கை விட்டவர்கள் பயந்து விட்டார்கள், என்னை விட்டவன் இரங்கி விட்டான். இரண்டும் ஒன்றில்லை. தோணிக்காரர் அத்தியாயத்தை அதற்காகத்தான் எழுதினேன், நீங்கள் அதைச் சென்றிப் பொய்யோடு சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். சென்றியில் சளசளவென்று கதைத்த பிள்ளை, காசு வாங்காமல் ஏற்றிய மனுசனிடம் பொய் சொன்ன பிறகு கரை வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அதைக் கவனிக்காமல் ‘வருந்தவில்லை’ என்று எப்படி எழுதினீர்கள்? அழுது மன்னிப்புக் கேட்டால்தான் வருத்தமா? பள்ளிக்கூடங்களில் அப்படிப் பழக்கிவைத்ததால்தான் பிள்ளைகள் மன்னிப்பையே பொய்யாகக் கேட்கப் பழகிவிட்டார்கள். ஆசிரியை என்பதால் உங்களிடம்தான் கோபப்பட முடிகிறது.

அப்புறம், உங்கள் மகன் என்ன பொய் சொன்னான் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. யாரிடம் சொன்னான்? சென்றியே இல்லாத காலத்தில் வளர்கிற பிள்ளை அவன். யாருக்குப் பயந்தான் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். வாசித்துக் காட்டுவதை நிறுத்த வேண்டாம். சீலன் அடுத்த கிழமையும் பொய் சொல்வான்.