உப்பை முறிக்கும் கேன்

கேள்வி: திருமங்கலம் பக்கம் இரண்டு ஏக்கர் கரிசல், போர் தண்ணீரில் நெல். மூன்று வருடமாக நிலம் வெள்ளை பூத்து, பயிர் திட்டுத் திட்டாகக் கருகுகிறது. ‘உப்பை முறிக்கும் இயற்கைத் திரவம்’ என்று ஒருவர் ஏக்கருக்கு நாலு கேன் ஊற்றச் சொல்கிறார். வாங்கலாமா? தொழு உரம் மட்டும் போதாதா?

பதில்: வாங்காதீர்கள். எந்தத் திரவமும் உப்பை முறிக்காது. உப்பு தண்ணீரில் கரைந்து வடிந்தால்தான் வயலை விட்டுப் போகும். தொழு உரமும், மடக்கி உழும் பசுந்தாள் செடியான தக்கைப்பூண்டும் மண்ணைப் பொலபொலப்பாக்கி அந்தத் தண்ணீருக்கு வழி விடுகின்றன. அதுவே பெரிய உதவிதான், ஆனால் எப்போதும் போதாது.

மழை பெய்து இரண்டு நாளாகியும் கலங்கல் தண்ணீர் இறங்காமல் நிற்கிறதா? காய்ந்தால் கல்லாக இறுகுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் அது களர், சோடியம் ஏறிய மண். மண்ணின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். 8.5-க்கு மேல் காட்டும். அதற்கு எருவோடு ஜிப்சமும் வேண்டும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். எத்தனை மூட்டை என்பதைப் பரிசோதனை அறிக்கை சொல்லட்டும், கடைக்காரர் அல்ல. வெறும் உவர், அதாவது சோடியம் பிடிக்காமல் கரையும் உப்பு மட்டும் ஏறிய மண் என்றால் ஜிப்சம் தண்டம். நல்ல தண்ணீர் கட்டி வடித்தாலே போதும்.

அரசு கொடுத்த மண்வள அட்டை இருக்கிறதே என்பீர்கள். 2015-இல் வந்த அந்தத் திட்டத்தில், பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரிதான். அதாவது சுமார் ஆறு ஏக்கருக்கு ஒன்று. உங்கள் வயலில் மண்வெட்டியே விழாமல் உங்கள் பேருக்கு அட்டை வந்திருக்கலாம். பன்னிரண்டு எண்களை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது. எதைப் பார்ப்பது என்று சொல்ல ஆள் கிடையாது. நீங்களே எடுங்கள். பல இடங்களில் அரையடிக் குழி வெட்டி, கலந்து அரைக் கிலோ. வெள்ளைத் திட்டுக்குத் தனிப் பை. கூடவே ஒரு பாட்டில் போர் தண்ணீர். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் விசாரியுங்கள். தண்ணீரே கெட்டிருந்தால் மண்ணுக்குச் செய்யும் செலவெல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

அப்புறம் கரம்பை. கேன்காரர் போனால் டிராக்டர்காரர் வருவார், கண்மாய் மண் அடித்தால் எல்லாம் சரியாகும் என்பார். செம்மண்ணுக்கும் மணலுக்கும் கரம்பை அருமையான சரக்கு, மறுக்கவில்லை. ஆனால் உங்களுடையது கரிசல், ஏற்கெனவே களி. தண்ணீர் இறங்காததுதான் அதன் வியாதியே. அதன் தலையில் இன்னும் களியைக் கொட்டினால் இருக்கிற கொஞ்ச வழியும் அடைபடும். மேலே உள்ள நிலங்களிலிருந்து வடிந்த உப்பு சில கண்மாய்களில் தங்கியும் இருக்கும். யாரோ செம்மண் காட்டில் விளைந்ததைக் காட்டி உங்களிடம் லோடு தள்ளப் பார்ப்பார்கள். கோழி எருவையும் கழுவாத தென்னை நார்க் கழிவையும் இப்போது தொடாதீர்கள். அவற்றிலேயே உப்பு உண்டு.

களர்தான் என்று தெரிந்தால், வரப்புக் கட்டி மட்டம் பார்த்து, ஓரத்தில் வடிகால் வெட்டுங்கள். ஜிப்சம் தூவி மேலாக உழுது, தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்தி வடியுங்கள்; மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. பிறகு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும்போது மடக்கி உழுங்கள். முற்றவிட்டால் தண்டு லேசில் மக்காது. நெல்லில் திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள் களரைத் தாங்கும். முதல் போகத்திலேயே பழைய மகசூலைத் தேடாதீர்கள். வெள்ளைத் திட்டு சுருங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.