சூடேறினால் உதறும் கார்: நம்பி வாங்கலாமா?

கோண்டாவிலில் இருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: "2014ஆம் ஆண்டு ஹொண்டா வெசல் ஹைபிரிட் ஒன்று பார்த்திருக்கிறோம். சந்தை விலையைவிட நன்றாகக் குறைத்துச் சொல்கிறார்கள். முதல்நாள் காலையில் ஓடிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டாம் தடவை பின்னேரம் டவுனுக்குள் சுற்றிவிட்டு வந்து, வீட்டுக் கேற்றடியில் றிவேர்ஸ் எடுக்கும்போது உதறியது. ஒரு எச்சரிக்கை விளக்கும் எரிந்து அணைந்தது. 'சொஃப்ட்வெயார் அப்டேட் செய்தால் சரி' என்கிறார் புரோக்கர். நான் தினமும் சாவகச்சேரிக்குப் படிப்பிக்கப் போகிறேன். மாதம் ஒருமுறை அம்மாவைக் கொழும்புக்குக் கிளினிக் கூட்டிப்போக வேண்டும். வாங்கலாமா?"

இப்போதைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

காலையில் ஒழுங்காக ஓடிய கார், டவுனுக்குள் சுற்றிய பிறகு உதறியது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும். குளிர்ந்திருக்கும்போது நல்லபிள்ளையாக இருந்து, சூடேறியதும் உதறுகிற கியர்பொக்ஸில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, எஞ்சினின் பலத்தைக் கியருக்குக் கடத்துகிற கிளச்சைத்தான். அது தேய்ந்திருக்கலாம். அல்லது அதை அமத்துகிற பகுதி பலமிழந்திருக்கலாம். இரண்டுமே சின்னச் செலவு அல்ல.

ஓட்டோ கியர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். இந்தக் காருக்குள் இரண்டு கிளச் இருக்கின்றன. மனுவல் காரில் உங்கள் இடது கால் செய்கிற வேலையை இங்கே ஒரு கணினி செய்கிறது. அந்தக் கிளச்சுகள் ஒயிலுக்குள் ஊறியிருப்பவை அல்ல, காற்றில்தான் ஆற வேண்டும். வேகமாக ஓடும்போது கிளச் இறுக்கிப் பிடித்திருக்கும், பிரச்சினை இல்லை. ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பாதி பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கும். அப்போதுதான் சூடு ஏறும். ஆகவே சாவகச்சேரிக்கு ஏ9 வீதியால் தினமும் போய்வருவது இந்தக் காருக்குப் பெரிய பாரம் அல்ல. கொழும்புக்குக் கிட்டப் போய் பேலியகொடையில் வாகன வரிசைக்குள் மாட்டி நிற்கும்போதுதான், அதுவும் அம்மாவை வைத்துக்கொண்டு, அது உங்களைக் கைவிடும்.

சொஃப்ட்வெயார் கதையில் பாதி உண்மை. 2013 கடைசியிலும் 2014இலும் ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் இந்த வகைக் கார்களைப் பல தடவை திருப்பியழைத்து, கியரைக் கட்டுப்படுத்தும் புரோகிராமை மாற்றியது. உங்கள் காருக்கு அது செய்யப்பட்டதா என்று சேஸி இலக்கத்தைக் கொடுத்து ஹொண்டாவின் ஜப்பான் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். ஆனால் புரோகிராமை மாற்றினால் தேய்ந்த கிளச் வளராது. புரோக்கர் அந்தப் பாதியைச் சொல்லமாட்டார்.

சேஸி இலக்கம் என்றதும் இன்னொன்று. பதிவுப் புத்தகத்தில் அது ஆர்யூ3 என்று தொடங்கினால் நான் சொல்லும் இரட்டைக் கிளச் கார். ஆர்யூ1 என்றால் ஹைபிரிட் அல்லாத வெசல், அதன் கியர்பொக்ஸ் வேறு. ஹொண்டாவின் மற்றக் ஹைபிரிட்களில் ஃபிட் ஜிபி5, கிரேஸ் ஜிஎம்4 இரண்டும் இரட்டைக் கிளச்தான். பழைய ஃபிட் ஜிபி1 அப்படியல்ல. டொயோட்டா அக்குவா, பிரியஸ் கார்களில் இந்தக் கிளச்சே கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்கள் சொல்லும் அனுபவத்தை உங்கள் காருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இனிப் புரோக்கர்மாரின் வேலை. கார் பார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்ததும் காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானரைப் போட்டு, அதில் பதிந்திருக்கும் பழுதுக் குறியீடுகளை, அதாவது கோட்களை, அழித்துவிடுவார்கள். விளக்கு எரியாது, நீங்களும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள். ஸ்கானர் இல்லாதவர் பற்றரி வயரைக் கழற்றிப் பூட்டிவிடுவார். மணிக்கூடு பிழையாக நின்றாலோ, ஒரே தட்டில் மேலேறும் கண்ணாடி பாதியில் நின்றாலோ அந்தச் சந்தேகம் வர வேண்டும். பல கார்களில் கோட் அழித்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதை ஸ்கானரே காட்டும். அது சில பத்துக் கிலோமீற்றர் என்றால் யாரோ நேற்றோ இன்றோ அழித்திருக்கிறார். ஃபோனோடு இணைக்கும் மலிவு ஸ்கானர்கள் பெரும்பாலும் எஞ்சினை மட்டும்தான் வாசிக்கும். கியர்பொக்ஸ் கணினியோடு பேசக்கூடிய ஸ்கானர் உள்ள கராஜுக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கராஜை நீங்கள் தெரிவுசெய்ய வேண்டும். "எனக்குத் தெரிந்த பெடியன் ஒருவன் இருக்கிறான்" என்று புரோக்கர் கூட்டிப்போகிற இடம் வேண்டவே வேண்டாம்.

ஓப்பின் பேப்பரிலும் கவனம் வேண்டும். சொந்தக்காரர் கையெழுத்து வைத்த வெறும் படிவங்களோடு கார் மூன்று நான்கு கை மாறியிருக்கும், புத்தகத்தில் இருப்பது முதலாவது ஆளின் பெயர். கியர்பொக்ஸ் போனால் நீங்கள் யாரிடம் போவீர்கள்? புத்தகத்தில் பெயருள்ளவரோடு நேரே கதைக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இதை இவ்வளவு தூரம் எழுதவேண்டியிருப்பதே கோபமாக இருக்கிறது. வருடா வருடம் புகைப் பரிசோதனை செய்கிறோம், அது புகையை மட்டும் பார்க்கிறது. லீசிங் கொம்பனியின் மதிப்பீட்டாளர் சேஸி இலக்கத்தையும் காரின் வெளி உடலையும் பார்த்து ஒரு விலை எழுதுகிறார். உரிமை மாற்றும்போது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பார்ப்பது கடதாசி. ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு கைமாறும் இடத்தில், அந்தக் கார் ஓடுமா என்று பார்க்க ஒருவரும் இல்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் ஒட்டுப்போட்டு ஓட்டிய கார்கள்தான் இப்போது விலைக்கு வருகின்றன.

சரி, ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் கார் அதற்குள் வரலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே பல கார்களின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து ஓடிவிட்டு, மிச்ச மாதங்கள் முழுவதும் கொட்டிலில் விட்டுப் போவார்கள். அப்படி நின்ற காரில் 12 வோல்ற் சின்னப் பற்றரி பலமிழந்துவிடும். மின்னழுத்தம் குறைந்தால் கணினி குழம்பிச் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகளையும் காட்டும். கியர்பொக்ஸ் விளக்குக்கூட எரியலாம், அதில் ஒரு பழுதும் இல்லாமலே. ஆகவே முதலில் அந்தப் பற்றரியைச் சோதிப்பியுங்கள், வாங்கிய திகதியைப் பாருங்கள். பலமில்லை என்றால் சொந்தக்காரர் செலவில் புதியது போட்டு, கோட்களைக் குறித்து வைத்துவிட்டு அழித்து, சில நாட்கள் ஓடவிட்டுத் திரும்ப வாசியுங்கள். விளக்கு மட்டும் வந்து போயிருந்தால் இதோடு முடியலாம். ஆனால் பற்றரி மாற்றியும் உதறல் நின்றபாடில்லை என்றால், இந்த விதிவிலக்கு உங்களுக்கு இல்லை.

ஓடிப் பார்ப்பதும் இடம் அறிந்து செய்ய வேண்டும். யாழ்ப்பாணம் தட்டையான ஊர், ஏற்றத்தில் வெளிவரும் பழுது இங்கே ஒளிந்துகொள்ளும். பின்னேரம் சனம் கூடிய நேரத்தில் ஏசியைப் போட்டு, நான்கு பேர் ஏறி, திருநெல்வேலிச் சந்தையடியிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் ஒரு மணித்தியாலம் ஊருங்கள். நிற்பாட்டி ஆறவிடாமல் அப்படியே உங்கள் கேற்று வாசல் சரிவுக்கு வந்து, றிவேர்ஸில் மெதுவாகப் பல தடவை ஏற்றி இறக்குங்கள். உதறினாலோ, எரிந்த மணம் வந்தாலோ, சூடு பற்றிய எச்சரிக்கை வந்தாலோ அந்தக் கார் வேண்டாம், விலையை இன்னும் குறைத்தாலும்.

ஒன்றும் வராவிட்டால், அந்தச் சூட்டோடேயே கராஜுக்குப் போய்க் கிளச் அளவுகளை வாசிப்பியுங்கள். அது சரியாக இருந்தால் மட்டும் அட்வான்ஸ். அட்வான்ஸுக்குத் தரும் பற்றுத்துண்டிலும் கார் இலக்கம், சொந்தக்காரரின் கையெழுத்து, எத்தனை நாளுக்குள் உரிமை மாற்றுவது என்பவற்றை எழுதி வாங்குங்கள். ஒரு மணித்தியாலம் ஓடிப் பார்க்கவோ ஸ்கான் செய்யவோ விடமாட்டோம் என்றால், கதையை அங்கேயே நிறுத்திவிட்டு வேறு கார் பாருங்கள்.