சேலத்தில் 15,000 சம்பளம்: ஏற்காட்டு அப்பாவுக்கு ஒரு பதில்

ஐயா, பி.காம் முடித்த மகளுக்குச் சேலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 15,000 ரூபாய்க்கு வேலை கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர் பெங்களூரில் 22,000 வாங்கித் தருகிறேன் என்கிறார். எதற்கு அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு சேலத்துக்குத்தான். ஏழாயிரம் கூடுதல் என்பது கேட்க நன்றாக இருக்கும். அங்கே விடுதி வாடகை, முன்பணம், ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாம் போனபிறகு எவ்வளவு நிற்கும் என்று எழுதிப் பாருங்கள்.

முதலில் கைக்கு வரும் தொகை. முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தால் 12 சதவீதம், 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 0.75 சதவீதம், 113 ரூபாய். மீதி 13,087. "இவ்வளவு பிடிக்கிறார்களே" என்று பெற்றோர் என்னிடம் சண்டைக்கு வருவதுண்டு. பிடிக்காத இடத்தைக் கண்டால்தான் எனக்குப் பயம். இவள் கட்டும் 1,800க்கு நிறுவனமும் 1,800 போடும். அதில் 1,250 பென்ஷனுக்கு, 550 பி.எஃப். கணக்குக்கு. இ.எஸ்.ஐ.யில் சிகிச்சை மட்டுமல்ல, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், உடம்பு முடியாமல் படுக்கும்போது வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆகவே சேருமுன் இவை இரண்டும் உண்டா என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

தினமும் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால் வாடகை மிச்சம்தான், ஆனால் சாயங்காலம் மேற்கொண்டு ஏதாவது படிக்கத் தெம்பு இருக்காது. சேலத்திலேயே தங்கட்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதியில் இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து சின்ன வீடு. ஆபீஸ் பக்கத்திலேயே வேண்டும் என்று அதிக வாடகை தர வேண்டாம்; 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கொஞ்சம் தள்ளி, பஸ் அடிக்கடி வரும் இடமாகப் பாருங்கள். வாடகையும் சாப்பாடும் சேர்ந்து 8,000ஐத் தாண்டக் கூடாது. காய்கறிக்கு சூரமங்கலம், அம்மாபேட்டை உழவர் சந்தைகள் இருக்கின்றன. தட்டுவடை செட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வராது, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

குறைந்த சம்பளக்காரர்களைக் கவிழ்ப்பது சாப்பாட்டுச் செலவல்ல, மாதத் தவணை. போன், ஸ்கூட்டர், அப்புறம் அந்தத் தவணை கட்ட லோன் ஆப். முதல் வருடம் எந்த இ.எம்.ஐ.யும் வேண்டாம். தபால் ஆபீஸில் மாதாமாதம் போடும் ஆர்.டி. சேமிப்பை 100 ரூபாயிலேயே தொடங்கலாம். இவள் 1,500 போடட்டும். மத்திய அரசின் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் ஆயுள் காப்பீடு, இரண்டும் வருடத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கிலிருந்தே போகும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்னொன்று. வீட்டுக்கு அனுப்பும் பணத்தை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். 2,000 என்றால் 2,000. சீட்டு விழவில்லை, மாமா வீட்டுக் கல்யாணம் என்று நடுவில் கேட்டால் அவள் உங்களுக்குத் தெரியாமல் கடன் வாங்குவாள்.

இந்தச் சேலம் வேலையில் டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கலும் அவள் கையால் செய்யக் கிடைக்குமா, வெறும் ஃபைல் தூக்கும் வேலையா? அதை நேரில் போய்க் கேளுங்கள். இரண்டாவதுதான் என்றால் என் பதில் மாறும். பெங்களூர் வேலைக் கடிதம் வந்தால், 22,000 கையில் வருவதா, நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கையும் சேர்த்துக் காட்டும் மொத்தத் தொகையா (சி.டி.சி.) என்று பார்த்துவிட்டு, சம்பள விவரப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.