குட்டைக்கால் பேண்டம்: முட்டை ஏன் பொரிக்கவில்லை, கண்காட்சிக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: ஐயா, உடுமலைப்பேட்டை பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். போன வருடம் ஆசைப்பட்டு ஜப்பானிய பேண்டம் (பேண்டம் என்றால் குள்ளக் கோழி), கொச்சின் பேண்டம், சில்கி என்ற அலங்காரக் கோழி இனங்கள் மூன்றிலும் ஒவ்வொரு ஜோடி வாங்கி ஒரே கொட்டகையில் விட்டிருக்கிறேன். ஜப்பானியக் கோழியின் முட்டைகள் 12 அடை வைத்ததில் 7தான் பொரித்தன. அதிலும் 3 குஞ்சுகளுக்குக் கால் நீளம். விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? இவற்றைப் பெருக்கிக் கண்காட்சிக்குக் கொண்டுபோக ஆசை. எதிலிருந்து தொடங்குவது? குஞ்சு விற்று வருமானம் பார்க்க முடியுமா?

பதில்: விற்றவர் ஏமாற்றியதாகத் தெரியவில்லை. குட்டைக்கால் ஜோடியில் நீளக்கால் குஞ்சு வருவதும், சில முட்டைகள் பொரிக்காமல் போவதும் ஜப்பானிய பேண்டத்தின் பிறவிக் குணம். விற்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம். பலர் சொல்வதில்லை, சொன்னால் வாங்க வந்தவர் யோசிப்பார் அல்லவா.

காலைக் குட்டையாக்குவது ஒரே ஒரு மரபணு. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் குஞ்சுக்குக் கால் குட்டையாகும். இரண்டு பக்கமிருந்தும் வந்தால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். அதனால் உயிரோடு நடமாடும் குட்டைக்கால் கோழி எதுவானாலும் அதனிடம் அந்த மரபணு ஒரு பங்குதான் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் கரு கூடிய முட்டைகளில் சராசரியாகக் கால்வாசி சாகும், பாதி குட்டைக்கால், மிச்சக் கால்வாசி நீளக்கால். உங்கள் 12 முட்டைக் கணக்கு இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. பொரிக்காத 5ல் சில கூமுட்டையாகவும் இருந்திருக்கலாம். அடுத்த முறை ஏழாம் நாள் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமல் தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை. ரத்த வளையம் தெரிந்தால் கரு கூடிச் செத்தது. கூமுட்டை அதிகம் என்றால் சேவலைக் கவனிக்க வேண்டும். ரத்த வளையம் அதிகம் என்றால் பெரும்பாலும் இந்த மரபணுதான்.

இந்த நஷ்டத்தைத் தவிர்க்க வழி இருக்கிறது. குட்டைக்கால் சேவலோடு நீளக்கால் பெட்டையைச் சேர்த்தால் அந்தக் கால்வாசிச் சாவு இல்லை. குஞ்சுகளில் பாதி குட்டைக்கால், பாதி நீளக்கால். எனவே நீளக்கால் பிறந்தது என்று உடனே குழம்புக்கு அனுப்பிவிடாதீர்கள். வாலும் இறக்கையும் நன்றாக அமைந்த நீளக்கால் பெட்டை ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை மேடை ஏற்ற முடியாது, ஆனால் மேடை ஏறும் குஞ்சுகளுக்குத் தாயாக இருக்கும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. மூன்று சேவல்களும் ஒரே கொட்டகையில் திரிகின்றன. அந்த 3 நீளக்கால் குஞ்சுகளும் ஜப்பானியச் சேவலுக்குப் பிறந்தவைதானா? பிடித்துக் காலைப் பாருங்கள். ஐந்து விரல் இருந்தால் தகப்பன் சில்கி. விரல் நான்குதான், ஆனால் கால் தண்டில் இறகு முளைத்திருக்கிறது என்றால் கொச்சின். நான்கு விரலும் இறகில்லாத வழவழப்பான காலும் இருந்தால் அநேகமாகச் சுத்தமான ஜப்பானியக் குஞ்சுதான். கலப்புக் குஞ்சுகள் வீட்டில் வளர அழகாகத்தான் இருக்கும். இனவிருத்திக்கு மட்டும் வேண்டாம்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? மூன்றையும் வைத்துத் தொடங்காதீர்கள். ஒரு இனம், அதிலும் ஒரு நிறம். என் பேச்சைக் கேட்டால் ஜப்பானிய பேண்டத்தை வைத்துக்கொண்டு கொச்சின் ஜோடியைக் கைமாற்றிவிடுங்கள். கொச்சின் சாதுவான பறவை, ஆரம்பக்காரர்களுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள், அதுவும் உண்மை. ஆனால் பந்து மாதிரி இறகு மூடிய அந்த உடம்பு நம் சித்திரை வெயிலில் படும் பாடு அதிகம். பின்பக்கத்து இறகைக் கத்தரித்து விடாவிட்டால் கரு கூடுவதும் குறையும். சில்கி பெட்டையை விற்க வேண்டாம், அதைவிட நல்ல அடைக்கோழி கிடைக்காது. ஜப்பானிய முட்டைகளை அதனிடமே வைக்கலாம். சில்கி சேவலைத்தான் அனுப்பிவிட வேண்டும்.

பிரித்த உடனே முட்டை சேர்க்க ஆரம்பித்துவிடக் கூடாது. பெட்டையின் உடம்பில் சேவலின் விந்து இரண்டு வாரத்துக்கும் மேல் உயிரோடு தங்கும். மூன்று வாரம் கழித்து இடும் முட்டைகளைத்தான் நம்பி அடை வைக்கலாம். அதுவரை வருபவை ஆம்லெட்டுக்கு. ஒரு சேவலுக்கு இரண்டு மூன்று பெட்டைகள் போதும். வெயில் காலத்தில் முட்டையைக் காலையும் மாலையும் எடுத்து, கூர்முனை கீழே இருக்கும்படி நிழலான இடத்தில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தேக்கக் கூடாது. பேண்டம் முட்டை சிறியது, 20 நாளில் பொரித்துவிடும். ஒரு நாள் முந்தினாலும் ஆச்சரியமில்லை. குஞ்சுகள் அவ்வளவு பொடிசு என்பதால் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லையென்றால் மூழ்கிச் சாகும்.

குஞ்சு பொரித்ததும் காலில் வண்ண வளையம் மாட்டி, எந்தப் பெட்டையின் குஞ்சு, எந்தத் தேதி என்று நோட்டில் எழுதுங்கள். வளர வளர வளையத்தை மாற்ற வேண்டும், மறந்தால் காலை அறுத்துவிடும். இந்த நோட்டு இல்லாமல் நான்கு வருடம் வளர்த்தாலும் கோழி பெருகுமே தவிர இனம் முன்னேறாது. தகப்பனோடு மகளையும், தாயோடு மகனையும் சேர்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான், நல்ல குணம் நிலைக்க அது உதவும். அண்ணன் தங்கையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் கரு கூடுவதும் பொரிப்பும் சரியும். அப்படிச் சரிய ஆரம்பித்தால் வெளியிலிருந்து ஒரே ஒரு பறவையைக் கொண்டுவந்து, அதன் குஞ்சுகளைப் பார்த்த பிறகே அடுத்த முடிவு எடுங்கள்.

கண்காட்சியில் நடுவர் உங்கள் சேவலைப் பக்கத்துக் கூண்டுச் சேவலோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. அந்த இனத்துக்கு என்று எழுதி வைத்த இலக்கணம் ஒன்று உண்டு, அதற்கு எவ்வளவு நெருக்கம் என்றுதான் பார்ப்பார். அமெரிக்காவின் கோழி வளர்ப்போர் சங்கம் 1874ல் முதல் இலக்கண நூலை வெளியிட்டது. பேண்டங்களுக்கென்றே தனிச் சங்கம் 1914ல் அங்கே தொடங்கியது. பிரிட்டனுக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. எடையில்கூட இரண்டும் ஒத்துப்போவதில்லை. அமெரிக்கக் கணக்கில் வளர்ந்த ஜப்பானியச் சேவல் சுமார் 740 கிராம், பெட்டை 620 கிராம். பிரிட்டன் கணக்கில் சேவலே 600 கிராமைத் தாண்டக் கூடாது. அதனால் போட்டியில் பெயர் கொடுக்கும்போதே எந்த இலக்கணத்தை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

ஜப்பானிய பேண்டத்தில் முதலில் கண் போவது வாலுக்கு. தலைக்கு மேலே உயர்ந்து செங்குத்தாக நிற்க வேண்டும். மற்ற இனங்களில் வால் முன்பக்கம் தலையை நோக்கிச் சாய்ந்தால் போட்டியை விட்டே விலக்குவார்கள். அமெரிக்க இலக்கணத்தில் இந்த இனத்துக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆனால் வால் இடப்பக்கமோ வலப்பக்கமோ கோணினால் எந்த இனத்திலும் மன்னிப்பு இல்லை. இறக்கை நுனி தரையைத் தொட வேண்டும், மார்பு முன்னே தள்ளி நிற்க வேண்டும், சேவலுக்குக் கொண்டை பெரிதாக நிமிர்ந்திருக்க வேண்டும். திண்டுக்கல் வட்டாரத்தில் கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சி பார்த்திருந்தால் உங்களுக்கு இது புதிதில்லை. அங்கே மூக்கு, கொண்டை, கண், வால் என்று பார்க்கும் அதே கண்தான் இங்கேயும் வேண்டும், அளவுகோல்தான் வேறு.

தேறாத குஞ்சுகளைக் கழிப்பதுதான் கஷ்டமான வேலை. பொரித்த அன்றே விரலையும் அலகையும் பாருங்கள், கோணல் இருந்தால் அந்தக் குஞ்சு இனவிருத்திக்கு ஆகாது. இரண்டு மாதத்தில் வால் கோணல் தெரிய ஆரம்பிக்கும். கொண்டையும் வாலின் முழு உயரமும் ஐந்தாறு மாதத்துக்கு முன்னால் தெரியாது, அதனால் அவசரப்பட்டு நல்லதை விற்றுவிடாதீர்கள். இருபது குஞ்சில் இரண்டு மூன்று தேறினாலே நல்ல வருடம் என்று சொல்வேன். ஜனவரியில் கண்காட்சி என்றால் ஜூன், ஜூலையில் பொரித்த குஞ்சுகள் அப்போது சரியான பருவத்தில் இருக்கும்.

தென்னந்தோப்பு என்பதால் ஈரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாத்தியில் தண்ணீர் பாயும் இடத்தில் இந்தக் கோழிகளை மேயவிட்டால் தரையைத் தொடும் இறக்கை நுனியும் மார்பும் சேறாகி இறகு முறிந்துபோகும். கொட்டகைத் தரையை ஓரடி உயர்த்தி, காய்ந்த ஆற்று மணலோ நெல் உமியோ போடுங்கள். தேங்காய்நார்க் கழிவு கையில் இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள், வெள்ளை இறகில் கறை பிடித்தால் சுலபத்தில் போகாது. உட்காரும் கட்டையும் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் வேண்டாம்.

உங்களிடம் இருப்பது கறுப்பு வாலும் வெள்ளை உடம்பும் கொண்ட நிறம் என்றால் வெயிலிலும் கவனம் வேண்டும். நேர் வெயில் பட்டால் வெள்ளை இறகு பித்தளை நிறம் ஏறும். மஞ்சள் மக்காச்சோளம் அதிகமானாலும் கொஞ்சம் ஏறும். அதற்காகச் சோளத்தையும் கீரையையும் அடியோடு நிறுத்தினால் காலின் மஞ்சள் வெளுத்துவிடும், அங்கே மதிப்பெண் போகும். முட்டையிடும் பெட்டைக்குக் கால் தானாகவே வெளுக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். என் யோசனை: கீரையை நிறுத்தாதீர்கள், வெயிலை மட்டும் தடுங்கள். புது இறகு வளரும் மாதங்களில் காலை இளம் வெயில் போதும், மற்ற நேரம் நிழல்.

வால் இறகு ஒன்று முறிந்திருந்தால் கண்காட்சிக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள், புதிது வளர்ந்துவிடும். நீண்ட வளைவு இறகுக்கு இன்னும் நாளாகும். சாயம் பூசுவது, இறகு ஒட்டுவது எல்லாம் வேண்டாம், பிடிபட்டால் பெயரும் போகும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒன்றரை அடிக் கூண்டில் விட்டுப் பழக்குங்கள். தினமும் சாயங்காலம் கையில் எடுத்து, இறக்கையை விரித்துப் பார்த்துவிட்டு விடுங்கள். இந்தப் பழக்கம் இல்லாத சேவல் நடுவர் கிட்டே வந்ததும் மூலையில் பதுங்கி வாலை மடக்கிக்கொள்ளும், அப்புறம் அவர் எதைப் பார்ப்பார்? குளிப்பாட்டுவதை இரண்டு நாள் முன்பு வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகள் ஷாம்பு, இறகு போகும் திசையிலேயே தடவ வேண்டும். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீரில் அலசி, காற்று அடிக்காத நிழலில் உலர்த்துங்கள். கால் செதிலைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, கொண்டைக்கும் காலுக்கும் தேங்காய் எண்ணெய் பட்டும் படாமல் தடவினால் போதும். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு படிந்த மாதிரி இருந்தால் அது செதில் பூச்சி, அந்தப் பறவையை அழைத்துப் போகாதீர்கள்.

தடுப்பூசி போடாமல் கண்காட்சி வேண்டவே வேண்டாம். முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழிக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்து), 14ம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து, 28ம் நாள் மறுபடி லசோட்டா, ஆறாவது வாரம் அம்மை, எட்டாவது வாரம் வெள்ளைக்கழிச்சல் ஊசி. குப்பியில் மருந்து நூறு கோழிக்கும் அதற்கு மேலும் வரும், கலந்தால் சில மணி நேரத்தில் வீணாகிவிடும். பத்துப் பதினைந்து கோழிக்காக அதை உடைப்பது கட்டுப்படியாகாது. அரசு கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டுவைத்து, அக்கம்பக்கத்துக் கோழிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். பிப்ரவரியில் நடக்கும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமையும் விடாதீர்கள். போட்டிக்குப் போய் வந்த பறவையை மூன்று வாரம் தனியே வைத்து, மற்றவற்றுக்குத் தீனி போட்ட பிறகே அதனிடம் போக வேண்டும். பரிசு வாங்கிய சேவல் சளியையும் வாங்கி வந்து கொட்டகையையே காலி பண்ணிய கதைகள் நிறைய உண்டு.

வருமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு வருடம் தீவனச் செலவு திரும்பினால் சந்தோஷப்படுங்கள். அலங்காரக் கோழி விலை மோகத்தைப் பொறுத்து ஏறி இறங்கும், இன்று ஆயிரங்களில் போகும் ஜோடி அடுத்த வருடம் பாதிக்கும் போகலாம். கழித்த குஞ்சுகளை வீட்டு வளர்ப்புக்கு என்று சொல்லியே விற்றுவிடுங்கள். நீளக்கால் குஞ்சு விற்கும்போது அது எப்படி வந்தது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.