கோடீஸ்வரர் வகுப்புக்கு அம்மாவின் நகையா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 29 வயது. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஏழு வருடமாக மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு கப்பல் ஏறும்வரை கவனிக்கிறவர்) இருக்கிறேன். சம்பளம் 32,000 ரூபாய். அப்பா இல்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். ராத்திரி படுக்கும்வரை போனில் உலகப் பணக்காரர்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்ப்பேன். விடிகாலை 4 மணிக்கு எழுகிறார்கள், கல்லூரியைப் பாதியில் விட்டார்கள், வேலையை உதறிவிட்டுத் துணிந்து இறங்கினார்கள் என்று சொல்கிறார்கள். நானும் மூன்று மாதமாக 4 மணிக்கு எழுந்துவருகிறேன். இப்போது அந்த வீடியோக்களைப் போடுகிறவர்களே 90,000 ரூபாய்க்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். அதில் சேர்ந்த கையோடு வேலையை விட்டுவிட்டு, ஒரு நண்பனோடு சேர்ந்து குழந்தைகள் ஆடைக்கு ஒரு பிராண்ட் தொடங்கலாம் என்று இருக்கிறேன். அம்மா தன்னுடைய 11 பவுனை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டார். உலகத்தின் பெரிய பணக்காரர்கள் உண்மையில் எப்படித்தான் பணம் சேர்த்தார்கள்? அவர்களிடம் இருப்பது, என்னிடம் இல்லாதது எது?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "அம்மா சம்மதித்துவிட்டார்" என்ற இடத்தில் மூன்று முறையும் நின்றுவிட்டேன். அந்த 11 பவுன் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும். நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

விடிகாலை 4 மணியை முதலில் பேசி முடித்துவிடலாம். அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ், தனக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும், முக்கியமான கூட்டங்களைக் காலை 10 மணிக்குத்தான் வைப்பேன் என்றும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் ராத்திரி 12 மணிவரை ஷிப்மென்ட் வேலை பார்த்துவிட்டு 4 மணிக்கு எழுந்தால் உடம்புதான் கெடும். தயவுசெய்து தூங்குங்கள்.

அடுத்தது சம்பளம். பெசோஸ் அமேசானில் பல ஆண்டுகள் வாங்கிய அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 81,840 டாலர். பங்குகளில் முதலீடு செய்தே பெரும்பணக்காரரான வாரன் பஃபெட் பல ஆண்டுகள் வாங்கிய சம்பளம் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர். அமெரிக்காவில் ஒரு நல்ல இன்ஜினீயரே இதைவிட அதிகம் வாங்குவார். இவர்களுடைய சொத்து என்று பத்திரிகைகள் போடுகிற லட்சம் கோடிகள், இவர்கள் கையில் வைத்திருக்கும் கம்பெனிப் பங்குகளின் அன்றைய விலை. கம்பெனியில் தனக்கென்று ஒரு பெரிய பங்கு, அதை விற்றுவிடாமல் பல ஆண்டுகள் வைத்திருந்தது, அந்தக் காலத்தில் கம்பெனி பல மடங்கு வளர்ந்தது. உலகப் பட்டியலில் முதல் வரிசையில் இருக்கும் யாரை எடுத்தாலும் அநேகமாக இதுதான் கதை. அந்தப் பங்கு அவர்கள் கைக்கு எப்படி வந்தது, அதை விற்காமல் வைத்திருக்க எப்படி முடிந்தது என்ற இரண்டும்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

உங்கள் தொழிலில் இருந்தே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். அமான்சியோ ஒர்டேகா. உங்கள் கம்பெனிக்குத் தெரியாத பெயராக இருக்காது, ஜாரா கடைகளின் சொந்தக்காரர். 1936இல் ஸ்பெயினில் பிறந்தார். அப்பா ரயில்வே தொழிலாளி. சிறுவனாக இருந்தபோது ஒருநாள் அம்மாவோடு மளிகைக் கடைக்குப் போனார். இனிமேல் கடன் தர முடியாது என்று கடைக்காரர் அம்மாவிடம் சொன்னது பையன் காதில் விழுந்தது. அம்மாவுக்கு இன்னொரு தடவை இந்த நிலை வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்ததாக அவர் பிற்காலத்தில் சொன்னார். பதின்மூன்று, பதினான்கு வயதில் படிப்பை விட்டுவிட்டு, லா கொருன்யா நகரத்தில் சட்டை தைத்து விற்கும் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். தைத்த சட்டைகளை வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அப்புறம் இன்னொரு துணிக்கடை. துணி எங்கிருந்து வருகிறது, யார் என்ன விலைக்கு வாங்குகிறார்கள், இடையில் எத்தனை கை மாறுகிறது, எந்தக் கையில் லாபம் தங்குகிறது என்பதையெல்லாம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுதான் கற்றுக்கொண்டார்.

சொந்தத் தொழில் தொடங்கியது 1963இல், 27 வயதில். அண்ணன், அக்கா, பிறகு மனைவியான ரொசாலியா மேரா என்று வீட்டு ஆட்களை வைத்துக்கொண்டு, பெண்கள் வீட்டில் போட்டுக்கொள்ளும் மெத்தென்ற மேலங்கிகளைத் தைத்து மற்றக் கடைகளுக்குப் போட்டார். பன்னிரண்டு வருடம் இப்படியே போனது. முதல் ஜாரா கடை திறந்தது 1975இல். அப்போது அவருக்கு 39 வயது, தொழிலுக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது 2001இல், 65 வயதில்.

ஜாரா எப்படி ஜெயித்தது என்பது உங்களுக்கு ஒரு நிமிடத்தில் புரியும். பையர் ஆர்டர் கொடுத்து, சாம்பிள் போய், அப்ரூவல் வந்து, துணி ஓட்டி, சாயம் போட்டு, தைத்து, கப்பல் ஏறும்வரை எத்தனை மாதம் ஆகும் என்று நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அதற்குள் அந்த மாடல் பழசாகிவிட்டால் மிச்சமெல்லாம் தள்ளுபடி விலைக்குத்தான் போகும். ஒர்டேகா பெரிய அளவில் வெட்டியது இந்தக் காத்திருப்பைத்தான். தையலை ஸ்பெயினின் கலீசியா, போர்ச்சுகல், மொராக்கோ என்று பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். துணியில் ஒரு பகுதியைச் சாயம் ஏறாத கிரே துணியாகவே வாங்கி வைத்து, எந்த நிறம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு சாயம் போட்டார். ஒவ்வொரு மாடலிலும் கொஞ்சமாகத் தைத்து, வாரம் இரண்டு முறை கடைகளுக்குப் புதுச் சரக்கு அனுப்பினார். கடைக்கு வந்தவர்கள் என்ன கேட்டார்கள், எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்கள் என்ற தகவல் கடையிலிருந்து தலைமையகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. இன்றைக்கும் ஜாராவின் தாய்க் கம்பெனியான இன்டிடெக்ஸின் பங்குகளில் ஏறக்குறைய 59 சதவீதம் அவரிடம் இருக்கிறது.

இதில் எந்த ரகசியத்தையும் 90,000 ரூபாய் வகுப்பில் சொல்லித்தர முடியாது. பாதியை நீங்கள் ஏழு வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, "துணிந்து இறங்கினார்கள்" என்ற பேச்சுக்கு வருவோம். இறங்கினார்கள், உண்மைதான். ஆனால் விழுந்தால் தாங்கிக்கொள்ள யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெசோஸ் 1994இல் வேலையை விட்டபோது நியூயார்க்கில் ஒரு பெரிய முதலீட்டு நிறுவனத்தில் துணைத் தலைவர் மட்டத்தில் இருந்தவர். அவருடைய பெற்றோர் 1995இல் அமேசானில் போட்ட பணம் 2,45,573 டாலர். அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 80 லட்சம். இது திரும்பி வராமல் போக 70 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று அவரே சொல்லித்தான் வாங்கினார். பிறகு 2000, 2001இல் அமேசான் பங்கு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அந்தச் சரிவுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 2000 பிப்ரவரியில், ஐரோப்பாவில் 69 கோடி யூரோ கடன் பத்திரம் விற்று வைத்திருந்தார்கள். கையில் காசு இருந்தது, பிழைத்தார்கள். அதே காலத்தில் இணையத்தில் கடை போட்டு, அதே அளவு உழைத்து, கஜானா காலியாகி மூடிய கம்பெனிகள் ஏராளம். அவர்களை வைத்து யாரும் வீடியோ எடுப்பதில்லை.

எலான் மஸ்க்கின் முதல் மூன்று ராக்கெட்டுகளும் தோற்றன. நான்காவதுதான், 2008 செப்டம்பரில், சுற்றுப்பாதையை எட்டியது. மூன்று தோல்வியைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், 2002இல் இணையத்தில் பணம் அனுப்ப உதவும் பேபால் கம்பெனி விற்கப்பட்டபோது அவர் பங்குக்கு வந்த 17 கோடி டாலருக்கும் மேலான பணம். பில் கேட்ஸ் கல்லூரியை விட்டது உண்மை. ஆனால் அப்பா சியாட்டிலில் பேர்பெற்ற வக்கீல். 1968இலேயே கேட்ஸ் படித்த பள்ளியில் கம்ப்யூட்டரோடு இணைந்த டெர்மினல் வந்துவிட்டது. அதற்கான பணத்தை, பழைய பொருட்களை விற்றுத் திரட்டிக் கொடுத்தவர்கள் அந்தப் பள்ளியின் தாய்மார்கள் சங்கத்தினர். கேட்ஸுக்கு அப்போது 12, 13 வயதுதான் இருக்கும். அந்த வயதில் கம்ப்யூட்டரைத் தொட்ட பிள்ளைகள் உலகத்திலேயே மிகக் குறைவு. அவருடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் திறமை விளைய நிலமும் தண்ணீரும் தயாராக இருந்தன என்று சொல்கிறேன்.

கேட்ஸிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. 1980இல் ஐபிஎம் தன் புது கம்ப்யூட்டருக்கு இயங்குதளம், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள், கேட்டு கேட்ஸின் மைக்ரோசாஃப்டிடம் வந்தது. கேட்ஸிடம் அப்போது அப்படி ஒன்று இல்லை. சியாட்டிலில் ஒரு சின்னக் கம்பெனி எழுதி வைத்திருந்ததை, இரண்டு தவணையில் மொத்தம் 75,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். ஐபிஎம்முக்குக் கொடுக்கும்போது உரிமையை விற்றுவிடாமல், பயன்படுத்தும் அனுமதியை மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கும் விற்கலாம் என்ற உரிமை மைக்ரோசாஃப்டிடமே நின்றது. இரண்டு மூன்று வருடத்தில் ஐபிஎம் மாதிரியே கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகள் முளைத்தன. அத்தனை பேரும் இவர்களிடம்தான் வர வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்த ஆளுக்கு ஒரு தடவை காசு, பெயரையும் உரிமையையும் வைத்திருந்தவருக்கு வாழ்நாள் முழுக்க வருமானம். இதைப் பற்றி உங்களிடம் ஒரு வேலை சொல்லப்போகிறேன், மறந்துவிடாதீர்கள்.

எல்லாப் பணமும் உழைப்பிலும் புத்தியிலும் வந்தது என்று நினைத்துவிடவும் வேண்டாம். வால்மார்ட்டை 1962இல் தொடங்கிய சாம் வால்டன் 1992இல் இறந்தார். அவருடைய பிள்ளைகள் இன்றும் உலகப் பட்டியலில் இருக்கிறார்கள். மெக்சிகோவின் கார்லோஸ் ஸ்லிம் பெரும்பணக்காரர் ஆனது, 1990இல் அரசு தன் தொலைபேசிக் கம்பெனியை விற்றபோது அதை வாங்கிய கூட்டணியில் இருந்ததால். அமெரிக்காவில் எண்ணெய் வியாபாரத்தில் பணம் குவித்த ராக்ஃபெல்லர் ரயில் கம்பெனிகளிடம் ரகசியத் தள்ளுபடி வாங்கிப் போட்டியாளர்களை நசுக்கினார். 1911இல் நீதிமன்றம் அவருடைய கம்பெனியை 34 துண்டாக்கியது. இவற்றில் எதையும் நீங்களோ நானோ பழகிக்கொள்ள முடியாது. சிலவற்றைப் பழகவும் கூடாது.

காலம் என்ற ஒன்றும் இருக்கிறது. பஃபெட் 11 வயதில் முதல் பங்கை வாங்கினார். 1958இல் 31,500 டாலருக்கு வாங்கிய வீட்டிலேயே குடியிருந்தார். நூறு கோடி டாலரைத் தொட்டபோது ஐம்பதுகளின் நடுவில் இருந்தார். இன்றைய சொத்தில் பெரும்பகுதி அறுபது வயதுக்குப் பிறகு சேர்ந்தது. உங்களுக்கு 29 தான் ஆகிறது தம்பி. யாரும் உங்களைத் துரத்தவில்லை.

இனி உங்கள் விஷயம். அந்த வகுப்பு வேண்டவே வேண்டாம். அதை நடத்துகிறவர் சம்பாதிப்பது உங்களைப் போன்றவர்கள் கட்டும் 90,000 ரூபாயில். வேலையையும் இப்போது விடாதீர்கள். குழந்தைகள் ஆடை யோசனை நல்ல யோசனைதான், அதைச் சின்னதாகத் தொடங்கிப் பாருங்கள். வேலையில் இருந்துகொண்டு வெளியே தொழில் செய்யலாமா என்று உங்கள் வேலை ஒப்பந்தத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன வேலை இதுதான். நண்பனோடு பேசி, யார் எவ்வளவு போடுகிறீர்கள், யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் விலகினால் என்ன கணக்கு என்று ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். நண்பன்தானே என்று விட்டுவிட வேண்டாம். நட்பு நிலைக்க வேண்டும் என்றால் எழுதித்தான் ஆக வேண்டும். அப்புறம் பிராண்ட் பெயரை ட்ரேட்மார்க் பதிவு செய்யுங்கள். ட்ரேட்மார்க் பதிவில் பொருட்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் ஆடைக்கு 25ஆவது. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் கட்டணம் 4,500 ரூபாய். பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அந்த 90,000இல் இருபதில் ஒரு பங்குதான் இது. ஆனால் இதுதான் உண்மையில் உங்களுக்குச் சொந்தமாகும் பொருள்.

கடைசியாக ஒரு கணக்கு. மாடல் ஒன்று, நிறம் மூன்று, சைஸ் ஆறு என்று வைத்தாலே 18 வகைச் சரக்கு ஆகிவிடும். இதில் 3 முதல் 6 மாதக் குழந்தைக்கான மஞ்சள் மட்டும் ஓடாமல் தங்கினால் என்ன செய்வீர்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, துணி, சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், கூரியர், திரும்பி வரும் பார்சல் எல்லாம் சேர்த்து ஒரு பீஸுக்கு என்ன அடக்கம் என்று போடுங்கள். 18 கட்டத்திலும் பத்துப் பத்துப் பீஸ் தைத்தால் 180 பீஸ். அதில் பாதி விற்காமல் போனாலும் உங்கள் சேமிப்பிலிருந்தே தாங்க முடிகிறதா, ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக நிற்கிறதா என்று பாருங்கள். தாங்க முடியும் என்றால் தைக்கக் கொடுங்கள். முடியாது என்றால் 18 கட்டத்தை ஒன்பதாக்குங்கள்.

அந்தக் கணக்குத் தாளை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். நகை தேவைப்படாது என்று இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் கேட்ட நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்.