பள்ளி நூலகத்தில் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்? பெங்களூரு பெற்றோர், ஆசிரியர் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் ஒரு தொடக்கப் பள்ளியின் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களும் சில ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, ராமமூர்த்தி நகர்: வாரத்துக்கு ஒரு நூலகப் பீரியட், 40 நிமிடம். பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள் மேடம். என்ன செய்வது?

முதல் பத்து நிமிடம் நீங்கள் சத்தமாக வாசியுங்கள். பாயில் அரைவட்டமாக உட்கார வையுங்கள். பின்வரிசைக்குப் படம் தெரியவில்லை என்றால் கூட்டம் கலைந்துவிடும். புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் பார்த்தே வாசிக்கப் பழக வேண்டும். முந்தின நாள் வீட்டில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் தடுமாற்றம் வராது. ஆரம்பிக்கும் முன் அட்டையைக் காட்டி, "உள்ளே என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. கதை முடிந்ததும் "இதன் நீதி என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள், தயவுசெய்து!

அடுத்த இருபது நிமிடம் அவர்களுடையது. எடுக்கட்டும், புரட்டட்டும், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கட்டும். ஓட்டம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் தொடங்கும், எடுத்த புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஓர் அட்டைப் பட்டை கொடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையை நீளவாக்கில் வெட்டினால் போதும். புத்தகத்தை உருவிய இடத்தில் பட்டையைச் செருக வேண்டும், திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். மிச்சப் பத்து நிமிடம் பதிவேட்டில் எழுதவும் வரிசையில் நிற்கவும் சரியாக இருக்கும்.

ஓர் அப்பா, ஒயிட்ஃபீல்டு: அதிகப் புத்தகம் படித்தால் பரிசு என்று பள்ளியில் அறிவித்திருக்கிறார்கள். என் மகள் மெலிதான புத்தகமாகப் பார்த்து எடுத்து வருகிறாள்.

போட்டி எதை எண்ணுகிறதோ, பிள்ளை அதைத்தானே செய்யும்? உங்கள் மகள் கெட்டிக்காரி. ஆனால் மெதுவாகப் படிக்கும் பிள்ளை அந்தப் பட்டியலில் கடைசியாக நின்று நின்று புத்தகத்தையே வெறுத்துவிடும். எண்ணிக்கைப் பரிசு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பள்ளியில் பேச முடிந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்: படித்த பிள்ளை, "இது பேய்க்குப் பயப்படாதவர்களுக்கு" என்பது மாதிரி ஒரு வரி எழுதி அந்தப் புத்தகத்துக்குள்ளேயே வைக்கட்டும். அடுத்து எடுக்கும் பிள்ளைக்கு அதுவே அழைப்பு. பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எழுதியவர்கள் எல்லோருடைய பெயரையும் போட்டுக் குலுக்கிவிடலாம்.

ஓர் அம்மா, அல்சூர்: நூலகத்தில் தமிழுக்கு ஒரு நிகழ்ச்சி கேட்டேன். ஒரு மொழிக்கு மட்டும் முடியாது என்கிறார்கள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே அம்மா. ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் இருக்கும். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே எல்லாரும் கன்னடமும் படிக்கிறார்கள். அதனால் ஒரே கதையைப் பல மொழியில் வாசிக்கும் நாளாகக் கேளுங்கள். நம் ஊர்க் குழந்தைப் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே படப் புத்தகம் தமிழிலும் கன்னடத்திலும் கிடைக்கும். இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம், உரிமம் இடம் கொடுக்கிறது. நான்கு வாசிப்புப் படிநிலைகள் உண்டு. முதல் நிலையில் 250 சொற்களுக்குள் முடிந்துவிடும், அதையே எடுங்கள்.

கன்னட டீச்சர் ஒரு பக்கம், அதே பக்கத்தைத் தமிழில் ஒரு பாட்டி, அப்புறம் தெலுங்கில் ஒருவர். படம் முன்னால் இருப்பதால் மொழி தெரியாத பிள்ளையும் விடாமல் கேட்கும். நாளுக்கு பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள் பொருத்தம். முடியாவிட்டால் செப்டம்பர் 8, எழுத்தறிவு நாள்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், கே.ஆர்.புரம்: ஆகஸ்ட் 12 நூலகர் தினத்துக்கு மாறுவேடப் போட்டி தவிர ஏதாவது சொல்லுங்கள்.

அப்பாடா, கேட்டீர்களே! அது எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த நாள். 1892இல் சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். கடைசிக் காலம் நம் பெங்களூரில்தான். 1962இல் இங்கே ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972இல் காலமானதும் இந்த ஊரில்தான்.

1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டையும் விளையாட்டாக்கிவிடலாம். பிள்ளைகளை ஜோடி சேருங்கள். ஒருவர் மற்றவரிடம் "உனக்கு என்ன பிடிக்கும்? எதுக்குச் சிரிப்பே?" என்று கேட்டு, அவருக்கென ஒரு புத்தகம் தேடிக் கொண்டுவர வேண்டும். பிறகு தலைகீழாக: ஒரு வருடமாக யாரும் தொடாத புத்தகங்களை மேசையில் அடுக்குங்கள். ஆளுக்கொன்று எடுத்து, பள்ளியில் அதற்கொரு வாசகரைப் பிடிக்க வேண்டும். வாட்ச்மேன் அண்ணா, ஆயாம்மா, தலைமையாசிரியர் யாராக இருந்தாலும் சரி. ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகத்தைத் தோட்டக்காரரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டலாமே!

முதல் விதி நூல்கள் பயன்படுத்தவே என்கிறது. அன்றைக்காவது கண்ணாடி அலமாரிப் பூட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

அதே ஆசிரியர்: திறந்தால் கிழிக்கிறார்களே?

கிழியும். "புத்தக ஆஸ்பத்திரி" என்று ஒரு பெட்டி வையுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஐந்தாம் வகுப்பு ஒட்டட்டும். செல்லோடேப் வேண்டாம், கொஞ்ச நாளில் மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும். மெல்லிய வெள்ளைத் தாளும் பசையும் போதும்.

பெற்றோர் சங்கத்தினர், பன்னேர்கட்டா சாலை: பள்ளியில் புத்தகக் கண்காட்சி வைக்க நினைக்கிறோம். எல்லாராலும் வாங்க முடியாதே என்று தயங்குகிறோம்.

விற்பனைக் கடையுடன் மாற்று மேசை ஒன்றும் போடுங்கள். படித்து முடித்த புத்தகம் ஒன்று கொடுத்தால் ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு புத்தகம். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைகளுக்கு முந்தின வாரமே அடுக்குவது, விலைச்சீட்டு ஒட்டுவது என்று நூலக வேலை கொடுத்து அதற்கும் அதே சீட்டைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு வகைச் சீட்டும் ஒரே நிறத்தில் இருக்கட்டும்.